சிஸ்டத்தில் நான் இல்லையாம்

(ஓய்வூதியர் சங்க வட்டக் கிளை ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, நம்மையெல்லாம் கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் சார்கருவூல அலுவலர் அவர்களே, மண்டபத்தை இலவசமாகக் கொடுத்து மின்விசிறியையும் ஓடவைத்த அரிசி ஆலை முதலாளி ஐயா அவர்களே, முன்வரிசையில் முட்டிவலியோடு அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று அறிவிப்பது பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். செய்தி சொல்பவர்கள் செய்யும் தவறு, அலுவலகம் செய்யும் தவறு, சொந்தக்காரர்கள் செய்வது. நான் மைக் பிடித்தால் 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' வராமல் போகாது. சரி, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

1979 மார்ச் 22. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில், ஜனதா ஆட்சிக்கே வழிகாட்டியான மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் படுக்கையில் இருக்கிறார். டெல்லியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து, ஜே.பி. காலமானார் என்கிறார். இரங்கல் பேசி, சபையையும் ஒத்திவைத்தாயிற்று. வானொலியும் சொல்லிவிட்டது. ஜனதா கட்சித் தலைவர் சந்திரசேகர், மருத்துவமனை வாசலில் திரண்ட கூட்டத்திடம் அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு போன் போட்டு டாக்டரைக் கேட்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜூலையிலேயே மொரார்ஜியின் பதவி போயிற்று, ஜே.பி. அக்டோபர் 8 வரை இருந்தார்.

பிரதமருக்கே அப்படியென்றால் நம் ஊர் போஸ்டர்காரரை என்ன சொல்வது? என்னோடு வேலை பார்த்த, என் பெயரே கொண்ட ஆசிரியர் ஒருவர் தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலி அடித்தவர்கள் பணிநிறைவு விழா போட்டோவிலிருந்து என் முகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். காலையில் பால் வாங்கப் போனால், டீக்கடைச் சுவரில் நான். கீழே தோற்றம், மறைவு. பசைகூடக் காயவில்லை. டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "சார், இன்னைக்குச் சர்க்கரை போடட்டுமா?" என்றார். செத்தவனுக்குச் சர்க்கரை வியாதி ஏது என்று நினைத்தாரோ என்னவோ!

பத்து மணிக்குச் சம்பந்தி வந்தார். இரண்டு பஸ் மாறி, ஆளுயர ரோஜா மாலையோடு. தெருமுனையிலேயே அழ ஆரம்பித்தவர், திண்ணையில் நான் பேப்பர் படிப்பதைப் பார்த்ததும் பாதி அழுகையில் நின்றுவிட்டார். துக்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. "சம்பந்தி, ஒரு போன் பண்ணக் கூடாதா?" நான் சாகவில்லை என்று நானே எல்லோருக்கும் போன் பண்ண வேண்டுமாம்! மாலையை என்ன செய்வது? கடைசியில் தெருப் பிள்ளையாருக்குப் போட்டோம். அவரும் யானைதானே.

இதுவரை சிரிப்பு. அடுத்த மாதம் பென்ஷன் வரவில்லை. யாரோ போஸ்டரைப் பார்த்துத் தகவல் கொடுத்துவிட்டார்கள். நேரில் போய் நின்றேன். "சார், நீங்க நிக்கிறது சரி. சிஸ்டத்துல நீங்க இல்லையே" என்றார் எழுத்தர். யானைக்கு இருந்தாலும் இறந்தாலும் ஒரே விலை. நமக்கு அப்படியா? போய்விட்டால் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் சாதாரணமாக 30 சதவீதம். இருந்தும் இல்லை என்று எழுதிவிட்டால் அதுவும் இல்லை. மூன்று மாதம் அலைந்தேன்.

உத்தரப் பிரதேசம் ஆசம்கரில் லால் பிஹாரி என்பவரைச் சொத்துக்காக உறவினர்களே வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக்கினார்கள். அவர் பெயரோடு 'மிருதக்' என்று சேர்த்துக்கொண்டார், அதாவது செத்தவர். அவரைப் போன்றவர்களுக்குச் சங்கம் வைத்தார், தேர்தலில்கூட நின்றார். 1994-ல்தான் பதிவேட்டில் உயிர் வந்தது.

அதனால்தான் கேட்கிறோம். இறந்தார் என்று தகவல் வந்தால், பென்ஷனை நிறுத்துவதற்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட வேண்டும். 2014 முதல் மின்னணு உயிர்வாழ் சான்று இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நாற்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மிஷின் நாலு தடவை 'மீண்டும் முயல்க' என்கிறது. முகத்தைக் காட்டலாம் என்கிறார்கள். அதற்கேற்ற போன் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? சார்கருவூல அலுவலர் தலையாட்டுகிறார், அதை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாகச் சொந்தக்காரர்கள் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பார் வாசனை வந்துவிட்டது, செயலாளரும் கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். தேதியை மறக்காமல் போடுங்கள். இன்றைக்கு இருந்தோம் என்பதற்கு அதுவும் ஓர் ஆதாரம். நன்றி, வணக்கம்.