முடிச்சுச் செபமாலை: இரணைமாதா நகர்க் கரையிலிருந்து

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வாடைக்காற்று கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. குரல் காற்றில் அடிபட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது இரணைமாதா நகர்க் கரை. வன்னியில், முழங்காவிலிலிருந்து கடல் பக்கமாக வந்தால் இந்த இடம்.

போன கிழமை ஒரு தங்கை எனக்கு எழுதியிருந்தாள். கணவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாராம். இனி எதுவும் எங்கள் கையில் இல்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். கடைசி வரியில், "செபம் செய்தால் நடக்குமா அக்கா?" என்று கேட்டிருந்தாள். நாலு தரம் பதில் எழுதி நாலு தரமும் அழித்துவிட்டேன். ஆம் என்று ஒரு சொல்லில் சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொல்ல நான் யார்? அதனால்தான் வீட்டிலிருந்து இதைக் கொண்டுவந்தேன். கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள்.

இது அம்மாவின் செபமாலை. மணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் முடிச்சு. 2009-ல், யுத்தத்தின் கடைசியில், நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கி நடந்து வந்தபோது அம்மா கழுத்தில் போட்டிருந்த பழைய செபமாலை போய்விட்டது. செட்டிகுளம் முகாமுக்கு வந்த பிறகு, கூடாரம் கட்டி மிஞ்சிய நீல நைலோன் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்து அம்மா இதை முடிந்தார். 53 சின்ன முடிச்சு அருள் நிறைந்த மரியேக்கு. 6 பெரிய முடிச்சு கர்த்தர் கற்பித்த செபத்துக்கு. நைலோன் வழுக்கும், ஒற்றை முடிச்சு நிற்காது. சின்ன முடிச்சுக்கு இரண்டு சுற்று, பெரியதற்கு நான்கு சுற்று. நுனி பிரியாமல் மெழுகுதிரியில் சுட்டு ஒட்டியிருக்கிறார், கறுப்பாக இருக்கிறதே, இந்த இடம். சிலுவை, மீன் டின் மூடியில் அப்பா வெட்டியது. அம்மாவுக்கு வலை முடிந்து பழகிய கை என்பதால் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி ஒரே அளவாக இருக்கும். நீல நிறம் இப்போது எங்கேயும் இல்லை. பிடித்துப் பிடித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

இதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்ட இரண்டு காரியங்களை உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலாவது அப்பாவுக்காக. சில வருடங்களுக்கு முன் இதே வாடைக் காலம். அப்பாவும் சித்தப்பாவும் பைபர் படகில் நண்டு வலை எடுக்கப் பின்னேரம் போனார்கள். விடியும்போது திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. மீனவர் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டு மூன்று படகு தேடப் போனது. இருட்டிய பிறகு மூன்றும் வெறுமனே திரும்பி வந்தன. அன்றிரவு காற்று இன்னும் ஏறியது. கடல் தெரிந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார்கள். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும்.

அம்மா வாசற்படியில் இருந்து செபமாலை சொன்னார். ஒரு பத்து, அதாவது பத்துச் சின்ன முடிச்சு, முடியும், எழும்பிப் போய்த் தேடி வந்த பொடியன்களுக்குத் தேத்தண்ணி வைப்பார், திரும்ப வந்து அடுத்த பத்தைத் தொடங்குவார். எந்த முடிச்சில் விட்டோம் என்று மறக்காமல் இருக்க அந்த முடிச்சை இரண்டு விரலால் நசித்துப் பிடித்தபடியேதான் அடுப்பு ஊதுவார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்பாவின் உடம்பாவது கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்குள்ளே ஓடியது. இரண்டாம் நாளும் படகுகள் போயின. இரண்டாம் இரவும் போனது.

மூன்றாம் நாள் விடியற்காலை தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. அம்மாதான் எடுத்தார். மன்னார்ப் பக்கத்துக் கரை ஒன்றிலிருந்து ஒருவர் பேசினார். எஞ்சின் நின்று, நங்கூரக் கயிறும் அறுந்து, காற்று இழுத்த இழுப்பில் அங்கே படகு ஒதுங்கியிருக்கிறது, இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது என்றார். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பொய் சொல்லாதேங்கோ." சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். இரண்டு இரவு முழுக்க இதைத்தானே கேட்டார்! மறுபடி போன் அடித்து, அந்தப் பக்கம் அப்பா இருமுகிற சத்தம் கேட்டபோதுதான் அம்மா தரையில் இருந்து அழுதார்.

இதைப் பிறகு எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னபோது, அப்போஸ்தலர் பணியின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். பேதுரு சிறையில் இருக்கிறார், இரண்டு சங்கிலி, காவலர்கள். சபை அவருக்காக ஊக்கமாகச் செபிக்கிறது. தூதர் வந்து அவரை வெளியே கொண்டுவருகிறார். பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதி என்ற பணிப்பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறாள். உள்ளே இருந்து செபித்துக்கொண்டிருந்தவர்களோ உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். பேதுரு வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறார். தங்கை, இதை உனக்காகத்தான் சொல்கிறேன். நம்பிக்கை முழுதாக வந்த பிறகுதான் செபிக்க வேண்டும் என்று காத்திருக்காதே. நம்ப முடியாமல் செபித்தவர்களின் வாசலிலும் ஆண்டவர் வந்து தட்டியிருக்கிறார்.

சரி, இரண்டாவது.

அண்ணா. 2009 ஏப்ரலில், நாங்கள் வலைஞர்மடத்தில் இருந்தபோது தண்ணீர் எடுத்து வரப் போனவன். பிறகு நாங்கள் அவனைக் காணவில்லை. இந்தக் கயிற்றில் அம்மா முதன்முதலாக முடிச்சுப் போட்டதே அவனுக்காகத்தான். அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாள் விடாமல் ஐந்து பத்தும் அவன் பெயரில் போகிறது. அவன் வரவில்லை. வன்னியில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்னால் 2017 பெப்ரவரி 20-ஆம் திகதி தொடங்கி, காணாமற்போன பிள்ளைகளின் படத்தோடு இருந்த அம்மாக்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களில் சைவ அம்மாக்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவ அம்மாக்களும் இருக்கிறார்கள். கேட்பது ஒன்றைத்தான்.

ஒரே அம்மா, ஒரே முடிச்சு, ஒரே ஆண்டவர். அப்பா வந்தார், அண்ணா வரவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்தது போல நடிக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபமாகவே சொல்லுகிறேன். ஒருமுறை வீட்டுக்கு செபிக்க என்று வந்த ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் காணாது, அதுதான் மகன் வரவில்லை" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மடுவில செத்த சனத்துக்கும் விசுவாசம் காணாதோ?"

அம்மா கேட்டது மடு மாதா கோவிலில் 1999 நவம்பரில் நடந்ததைப் பற்றி. சண்டைக்குப் பயந்து மாதாவின் காலடியில் வந்து இருந்த சனம் அது. கோவிலுக்குள்ளேயே செல் விழுந்து பலர் செத்துப்போனார்கள், குழந்தைகளும்தான். தஞ்சம் என்று ஓடிவந்த இடம் அது! 1670-ல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியபோது மாந்தையிலிருந்து இருபது குடும்பம் மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன நாளிலிருந்தே மடு தஞ்சம் கேட்டவர்களின் இடம்தானே. 2008 ஏப்ரலில் மாதாவே இடம்பெயர்ந்து எங்களுக்குக் கிட்ட, தேவன்பிட்டிக்கு வந்தா. அப்போது எனக்குப் பதினாலு வயது. அங்கே போய்க் கும்பிட்டது நினைவிருக்கிறது. எங்களோடு அகதியான தாய் என்று சனம் சொல்லிச் சொல்லி அழுதது. ஆகஸ்ட்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது. ஆகஸ்ட்டிலேயே நாங்கள் கிழக்கே ஓடத் தொடங்கிவிட்டோம்.

ஆகவே, விசுவாசம் இருந்தால் சாவு வராது, இல்லாவிட்டால் வரும் என்று கணக்குப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். இயேசுவே கெத்சமனியில் இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டவர். அகலவில்லை. அவருக்கு விசுவாசம் காணாது என்று யாராவது சொல்வார்களா?

பிறகு எதை நம்பிச் செபிப்பது என்று கேட்பீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இந்தக் கரைக்கு எதிரே கடலில் இருக்கிற இரணைதீவின் சனம் 1992-ல் தீவை விட்டு வந்தது. என் பெற்றோரும் அதில் இருந்தார்கள். யுத்தம் முடிந்தும் அங்கே போய்த் தங்க அனுமதி கிடைக்கவில்லை. 2017 மே 1-ஆம் திகதி தீவுக்குத் திரும்ப விடக் கேட்டு இந்தக் கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வெயில், மழை, நத்தார், தவக்காலம் எல்லாம் பந்தலுக்குள்ளேயே போனது. அம்மாவின் செபமாலையும் அங்கேதான் போனது. கடிதம் கொடுத்தாயிற்று, கொழும்புக்கும் போய்வந்தாயிற்று, நடக்காத காரியம் என்று பலர் சொல்லிவிட்டார்கள். 2018 ஏப்ரல் 23, பந்தல் போட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது. வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு படகுகளில் ஏறிவிட்டார்கள். அம்மாவும் ஏறினார். இந்தக் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. இறங்கியதும் நேரே கோவிலுக்குப் போனார்கள். 26 வருடம் கழித்து அந்தக் கோவிலில் சத்தமாகச் செபம் கேட்டதாம். பாதியில் யாருக்கும் குரல் வரவில்லை என்று அம்மா சொன்னார். தங்கி இருக்க அனுமதி பிறகுதான் வந்தது.

அந்தச் சனத்தை ஏறக்குறைய ஒரு வருடம் எழும்பவிடாமல் பிடித்து வைத்திருந்ததும், கடைசியில் எழுப்பிப் படகில் ஏற்றியதும் அந்தச் செபம்தான் என்று நான் நம்புகிறேன். அண்ணா வராத இத்தனை வருடமும் அம்மாவை உடைந்துபோகாமல் வைத்திருப்பதும் அதுதான். அம்மா ஆண்டவரோடு சண்டை பிடிப்பார். சில இரவில் "உமக்குக் கண் இல்லையோ" என்று கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போவார்.

தங்கை, இனி உன் காரியம். வைத்தியர்கள் சொல்வதைக் கேள், மருந்தை விடாதே. வார்த்தை வரவில்லை என்றால் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு பெயரை மட்டும் சொல்லு, போதும். தனியாகச் செபிக்காதே, நாலு பேரிடம் சொல்லு. அவர் பிழைக்க வேண்டும் என்று துணிந்து கேள், குறைத்துக் கேட்காதே. நானும் அப்படியேதான் கேட்கிறேன்.

கோவில் மணி அடிக்கிறது, அம்மா தேடுவார். போன மாதம் மூன்றாவது பத்தில் ஒரு முடிச்சு தளர்ந்துவிட்டது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், நல்ல மணிச் செபமாலை மடுவிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா வேண்டாம் என்று, திரும்பவும் மெழுகுதிரியைக் கொளுத்தி அந்த முடிச்சை இறுக்கிக்கொண்டார். உங்கள் வீட்டிலும் நடக்காது என்று சொல்லப்பட்ட காரியம் ஏதாவது இருந்தால் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஏழு மணிக்குத் தொடங்குவோம். தங்கையின் கணவருக்கு முதல் பத்து. அண்ணாவுக்கு வழக்கம்போல ஐந்தாவது.