அமரில்லிஸ்: பூ வாடிய பிறகு தொடங்கும் வேலை

வணக்கம் நேயர்களே. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே பூச்செடி வளர்ப்பது பற்றிக் கதைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நேரம் குறைவு, அதனால் ஒரே ஒரு செடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமரில்லிஸ். நவம்பர் பிறந்தால் ரொறன்ரோவில் எந்தப் பெரிய கடைக்குப் போனாலும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெட்டியின் மேலே பெரிய சிவப்புப் பூவின் படம். உள்ளே ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்டிக் சாடி, வட்டமாக அழுத்திய தென்னந்தும்புத் தூள். அந்தத் தூள் அநேகமாக இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கப்பலேறி வந்ததாக இருக்கும். எங்கள் தென்னை எங்களுக்கு முன்னமே இங்கே வந்துவிட்டது!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய வருடமே அந்தக் கிழங்கு உங்கள் வீட்டில் பூத்தால் அதில் உங்கள் கெட்டித்தனம் பெரிதாக ஒன்றும் இல்லை. பூமொட்டு கிழங்குக்குள்ளே போன பருவத்திலேயே உருவாகிவிட்டது. நெடுக்காக வெட்டினால் சின்னஞ்சிறு மொட்டுக்கொத்து உள்ளே ஒடுங்கிக் கிடப்பது தெரியும். வெட்டிப் பார்க்க வேண்டாம், பெட்டிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அந்த மொட்டை உருவாக்கியது எங்கேயோ ஒரு தோட்டக்காரரின் உழைப்பு. உங்கள் வேலை அதைக் கெடுக்காமல் விடுவது மட்டுமே. பூ வாடிய பிறகுதான் நீங்கள் வளர்க்கத் தொடங்குகிறீர்கள். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் சாடியோடு தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள்.

கிழங்கு வாங்கும்போது அளவைப் பாருங்கள். இதைச் சுற்றளவால் தரம் பிரிப்பார்கள். 26 முதல் 28 சென்ரிமீற்றர் என்றால் ஒரு பூந்தண்டு நிச்சயம், இரண்டும் வரலாம். 34க்கு மேலே போனால் இரண்டு, மூன்று தண்டுகள்கூட எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு தண்டிலும் நான்கு பூ வரையில் இருக்கும். கையில் எடுத்து அழுத்தினால் கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். இப்போது மெழுகு பூசி, தண்ணீரே வேண்டாம் என்று விற்கிறார்களே, அதைத் தொடக்கக்காரர்கள் வாங்காமல் விடுவது நல்லது. வேரை வெட்டிவிட்டுத்தான் மெழுகில் தோய்க்கிறார்கள். ஒருமுறை பூக்கும், அவ்வளவுதான். அதை நான் செடி என்றே கணக்கெடுப்பதில்லை.

நடுவது சுலபம். சாடி சின்னதாக இருக்கட்டும். கிழங்கைச் சுற்றி இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் இடம் போதும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். பெட்டியோடு வரும் சாடிகள் சிலவற்றில் துளையே இராது, பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கை முழுதாகப் புதைக்காதீர்கள். மேற்பக்கம் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும்.

அப்புறம் தண்ணீர். புதிதாக வளர்ப்பவர்களிடம் அமரில்லிஸ் சாவது பெரும்பாலும் இதனால்தான். நட்ட அன்று ஒருதரம் நன்றாக விடுங்கள். பிறகு முளை வெளியே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இலையும் வேரும் இல்லாத கிழங்கு தண்ணீரைக் குடிக்காது. ஈரத்தில் கிடந்து அழுகத்தான் செய்யும். மண் காய்ந்துவிட்டதே என்று மனம் கேட்காவிட்டால் ஒரு சின்னக் கோப்பை, அதுவும் ஓரமாக. கிழங்கின் கழுத்தில் விட வேண்டாம். அந்த இடம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடித்துச் சிவப்புத் தழும்புகள் பரவும். அடிபட்ட காயமும் இந்தச் செடியில் சிவப்பாகத்தான் ஆறும், அதனால் ஒரு சின்னச் சிவப்புக் கோட்டைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். பரவுகிறதா என்று கவனியுங்கள்.

முளை வந்ததும் தெற்குப் பார்த்த யன்னலில் வையுங்கள். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட முழுதாக இல்லை, கிடைக்கும் வெளிச்சம் அத்தனையும் தேவை. தண்டு யன்னல் பக்கமாகச் சாயும், சில நாளுக்கு ஒருமுறை சாடியைத் திருப்பிவிடுங்கள். நட்டதிலிருந்து பூக்க ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும், சிலவேளை இன்னும் கொஞ்சம் கூட. தைப்பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் நடுப்பகுதியில் நட்டுவிடுங்கள். பூ விரிந்ததும் வெப்பக் காற்று வரும் இடத்திலிருந்து தள்ளி, கொஞ்சம் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் கூடுதல் நாள் நிற்கும்.

இனித்தான் உங்கள் முறை. வாடிய பூக்களை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதை கட்டினால் சத்து அதற்குப் போய்விடும். தண்டு மஞ்சளாகும்வரை விட்டுப் பிறகு வெட்டலாம். இலையைத் தொடாதீர்கள். இந்தச் செடியின் கணக்கு இலையில்தான் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு இலை விட்டால் கிழங்குக்குள்ளே ஒரு பூந்தண்டு உருவாகும். இலை குறைந்தால் பூவும் குறையும். “என்னுடையது இலை மட்டும் விடுகிறது, பூக்கவில்லை” என்று சொல்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: போன கோடையில் அதற்குச் சாப்பாடும் வெயிலும் போதவில்லை.

அதனால் ஏப்ரல் வரை யன்னலில் வைத்து, மேல்மண் காயக் காயத் தண்ணீர் விட்டு, இரண்டு கிழமைக்கு ஒருதரம் பாதி அளவில் கரைத்த உரம் கொடுங்கள். மே மாதம் விக்டோரியா தின விடுமுறையோடு உறைபனிப் பயம் அநேகமாகத் தீர்ந்துவிடும், அப்போது வெளியே வைக்கலாம். முதல் பத்து நாள் நிழலில். நேரே வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.

செப்டெம்பர் கடைசியில் உள்ளே எடுத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். இதன் சொந்தக்காரச் செடிகள் தென்னமெரிக்காவில் மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வரும் இடங்களில் வளர்பவை. நாங்கள் செய்வது அந்த வறட்சியை வீட்டுக்குள்ளே உண்டாக்குவது. இலை மஞ்சளாகி உலரும். பிறகு 10 முதல் 13 பாகை செல்சியஸ் உள்ள இருட்டான இடத்தில் எட்டு முதல் பத்துக் கிழமை. பேஸ்மென்டின் குளிர்ந்த மூலை பொருந்தும். உறையும் கராஜ் கூடாது. ஆப்பிள் வைத்த இடமும் கூடாது, அதிலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

ஓய்வில் இருக்கும் கிழங்கு பார்ப்பதற்குப் பெரிய வெங்காயம் போலவே இருக்கும். அதில் லைகொரின் என்ற நஞ்சு உண்டு. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், நாய் பூனைக்கும் ஆகாது. பெயர் எழுதி ஒட்டி, குசினிக்குத் தூரமாக வையுங்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமியோ வந்திருக்கும் வீடு என்றால் வாயாலும் ஒருதரம் சொல்லி வையுங்கள்.

பரீட்சித்துப் பார்க்க ஆசை, காசு செலவழிக்க மனமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. நத்தார் முடிந்ததும் கடைகளில் மிச்சப் பெட்டிகளை விலை இறக்கிப் போடுவார்கள். திறந்து பாருங்கள். இருட்டுக்குள்ளே கிடந்து முளை வெளிறி வளைந்திருந்தால் பரவாயில்லை, வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகி நிமிர்ந்துவிடும். கிழங்கு மெத்தென்று இருந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.