ஆஸ்கர் கண்ணுல படாம போன போர்ப் படங்கள்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு போர்ப் படங்கள பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். அதுலயும் ஆஸ்கர் மேடையில ஏறாம, சிலது நாமினேஷன் லிஸ்ட்லகூட பேர் வராம போன படங்கள். இதுங்க மேல எனக்கு ரொம்ப வருஷமா ஒரு ஆதங்கம் உண்டு, ஏன்னா போர்னா என்னன்னு எனக்கு புரிய வெச்சது கப் வாங்குன படங்கள விட இதுங்கதான்.

1957ம் வருஷத்த எடுத்துக்குங்க. அந்த வருஷம் ரெண்டு பெரிய போர்ப் படம் வந்துச்சு. ஒண்ணு டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', ஏழு ஆஸ்கர், சிறந்த படம் சிறந்த டைரக்டர் சிறந்த நடிகர் எல்லாமே அதுக்குத்தான். இன்னொண்ணு ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'பாத்ஸ் ஆஃப் குளோரி'. இதுக்கு ஒரு ஆஸ்கர் நாமினேஷன்கூட கிடையாது. ஹீரோ அப்போ மார்க்கெட்ல உச்சத்துல இருந்த கிர்க் டக்ளஸ், அப்படியும் ஒண்ணும் இல்ல.

கதை முதல் உலகப்போர்ல பிரெஞ்சு ராணுவத்துல நடக்குது. ஒரு ஜெனரல், புரமோஷன் ஆசையில, பிடிக்கவே முடியாத ஒரு குன்ன பிடிச்சே ஆகணும்னு ஆர்டர் போடுறாரு. சிப்பாய்ங்க போறாங்க, குண்டு மழையில முன்னேற முடியல, ஒரு பகுதி ஆளுங்களுக்கு பதுங்குகுழிய விட்டு தலையையே தூக்க முடியல. அத பாத்த ஜெனரல் தன்னோட ஆளுங்க மேலயே பீரங்கிய திருப்பி சுடுங்கடான்னு சொல்றாரு, பீரங்கிப் படை அதிகாரி எழுத்துல ஆர்டர் குடுங்கன்னு கேட்டு மறுத்துடறாரு. அப்புறம் தாக்குதல் தோத்ததுக்கு யாராவது பலியாகணுமே, அதுக்காக ஒவ்வொரு கம்பெனிலேந்தும் ஒரு ஆள்னு மூணு பேர பொறுக்கி எடுத்து கோழைத்தனம்னு கேஸ் போடுறாங்க. ஒருத்தன் தன் அதிகாரியோட தப்ப கண்ணால பாத்தவன், அதுக்காகவே மாட்டுறான். ஒருத்தன ஒழுங்கா பழகத் தெரியாதவன்னு சொல்லி அனுப்புறாங்க. மூணாவது ஆளு வீரத்துக்கு மெடல் வாங்குனவன், அவன் பேரு சீட்டு குலுக்கி விழுந்தது!

இந்த ஆளுக்கு ஜெயில்ல நடக்குற அடிதடியில மண்டை உடைஞ்சு நினைவே இல்லாம போயிடுது. விடிஞ்சா தண்டனை. அவன ஸ்ட்ரெச்சரோட கட்டித் தூக்கிட்டு வந்து கம்பத்துல சாய்ச்சு நிறுத்தி, சுடும்போது முழிச்சிருக்கணுமேன்னு கன்னத்த கிள்ளி எழுப்புறாங்க. அந்தக் கிள்ளல் ரெண்டு செகண்டுதான் இருக்கும், ஆனா எனக்கு அந்தப் படத்துல பீரங்கி சத்தத்த விட அதுதான் தாங்க முடியல.

இது முழுக்க கற்பனையும் கிடையாது. 1915ல பிரான்ஸ்ல சூவேன் கிட்ட நாலு கார்ப்பரல்கள இப்படித்தான் சுட்டாங்க, 1934லதான் அவங்க மேல குத்தம் இல்லன்னு தீர்ப்பு வந்துச்சு, அந்த சம்பவத்தோட நிழல்லதான் மூலக்கதை நாவலே எழுதப்பட்டது. படம் பிரான்ஸ்ல 1975 வரைக்கும் தியேட்டர்ல வரல. ஷூட்டிங்கே ஜெர்மனில, மியூனிக் பக்கத்துலதான் நடந்துச்சு. அதாவது பிரெஞ்சு ராணுவத்த பத்தின படத்துல பிரெஞ்சு சிப்பாய்ங்க கூட்டமா வந்ததெல்லாம் ஜெர்மன் போலீஸ்காரங்க.

இப்ப குவாய் படத்துக்கு வருவோம். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்ககிட்ட மாட்டுன பிரிட்டிஷ் கைதிங்க ஒரு ரயில் பாலம் கட்டுற கதை. நல்ல படம்தான், நான் பல தடவ பாத்திருக்கேன், அலெக் கின்னஸ் நடிப்ப குறை சொல்லவே முடியாது. ஆனா அந்த ரயில் பாதை நம்ம ஆளுங்க ரத்தத்துல போட்டது நேயர்களே. சயாம் மரண ரயில்னு மலேசியாவுல வயசானவங்க கிட்ட கேட்டா சொல்லுவாங்க. 415 கிலோமீட்டர், தாய்லாந்துலேந்து பர்மாவுக்கு, ஜப்பான்காரங்க 1942, 43ல போட்டது, அதுக்கு மலாயா ரப்பர் தோட்டங்கள்லேந்து தமிழங்கள கூட்டம் கூட்டமா கொண்டு போனாங்க, காலராலயும் பசியிலயும் அடியிலயும் செத்தவங்களுக்கு கல்லறைகூட கிடையாது. ஆசியத் தொழிலாளிங்க செத்தது போர்க் கைதிங்க செத்தத விட பல மடங்கு. ஏழு ஆஸ்கர் வாங்குன படம் பிரிட்டிஷ் கைதிகளோட மானத்தையும் ரோஷத்தையும் பத்திதான் பேசுது, தோட்டத் தமிழன் அந்தக் கதைக்குள்ளயே வரல. இத்தனைக்கும் படத்துக்காக அந்தப் பாலத்த கட்டி வெடிக்க வெச்சது இலங்கையில, கித்துல்கல பக்கம் களனி கங்கையில. திரைக்கதைக்குக் குடுத்த ஆஸ்கரும் நாவல் எழுதுனவர் பேருக்குத்தான் போச்சு, உண்மையில எழுதுன ரெண்டு பேரு கம்யூனிஸ்ட்னு ஹாலிவுட் ஒதுக்கி வெச்சிருந்த ஆளுங்க, அவங்களுக்கு அந்த ஆஸ்கர குடுக்க இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்போ ரெண்டு பேருமே உயிரோட இல்ல.

போருக்கு எதிரான படம்னாலே ஆஸ்கர் தராதுன்னு சிலர் சொல்லுவாங்க, அது சரியில்ல. 'ஆல் குயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' 1930லயே சிறந்த படம் வாங்குச்சு, அதே கதைய ஜெர்மன்காரங்க திரும்ப எடுத்தப்ப 2023ல நாலு ஆஸ்கர் வந்துச்சு. எனக்கு தோணுறது வேற. போர் கொடுமைன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டிடலாம். இந்தாளுதான் இத பண்ணான், அவன் நம்ம பக்கத்து ஆளு, அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு காட்டுனாலோ, இல்ல கடைசில அழுது மனசு லேசாகுறதுக்குக்கூட வழி விடாம அனுப்புனாலோதான் ஓட்டுப் போடுறவங்க கை பின்வாங்குது.

ரெண்டாவது வகைக்கு என் மனசுல முதல்ல வர்றது 'கம் அண்ட் சீ', 1985, சோவியத் படம், டைரக்டர் எலெம் கிளிமோவ். அரசாங்கம் அனுமதி குடுக்காம வருஷக்கணக்கா இழுத்தடிச்ச பிறகு எடுத்தது. சோவியத் யூனியன் அத ஆஸ்கரோட வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்புச்சு, நாமினேஷன் ஆகுற கடைசி அஞ்சு படத்துல வரல. ஜெயிச்சது அர்ஜென்டினாவோட 'தி அஃபிஷியல் ஸ்டோரி', அதுவும் அருமையான படம், அதுமேல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா அஞ்சுல ஒரு இடம்கூடவா இல்லாம போச்சு?

பெலாரஸ்ல ஒரு கிராமத்துப் பையன், துப்பாக்கி கிடைச்சதும் ஆசையா நாஜிகளுக்கு எதிரான கொரில்லாப் படையில சேர ஓடுறான். நடுவுல ஒரு பொண்ணோட வீட்டுக்கு திரும்பி வர்றான். வீட்டுல யாரும் இல்ல. அடுப்புல சூப் இன்னும் சூடா இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடவே ஆரம்பிக்கிறாங்க, ஈ மொய்க்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, தங்கச்சிங்களோட பொம்மைங்க தரையில கிடக்கு. எங்கயோ ஒளிஞ்சிருப்பாங்கன்னு சொல்லிட்டு பையன் வெளிய ஓடுறான், பின்னாடியே ஓடுற பொண்ணு மட்டும் ஒரு தடவ திரும்பிப் பாக்குறா, வீட்டு சுவத்துக்கு பின்னாடி ஊர் ஜனம் மொத்தமும் பொணக் குவியலா கிடக்கு. கேமரா அங்க நிக்கவே இல்ல, அவ ஓட்டத்தோட நாமளும் ஓடிடறோம். பையன் பாக்கல, நாம பாத்துட்டோம், அதுக்கப்புறம் அவன் முகத்த பாக்குற ஒவ்வொரு நிமிஷமும் அந்த விஷயம் நம்ம நெஞ்சுலதான் உக்காந்திருக்கு.

படம் முடியும்போது ஒரு கணக்கு வருது, பெலாரஸ்ல 628 கிராமங்கள ஜனங்களோட சேத்து எரிச்சாங்கன்னு. கதை எழுதுன அலெஸ் ஆதமோவிச் சின்ன வயசுல அந்த கொரில்லாப் படையிலயே இருந்தவரு. கிளிமோவ் இதுக்கப்புறம் வேற படம் எடுக்கவே இல்ல, 2003ல இறந்து போனாரு.

இன்னொண்ணு சுருக்கமா சொல்லிடறேன். ஜப்பான்லேந்து இசாவோ தகாஹாத்தா 1988ல எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்', அனிமேஷன் படம், 1945ல கோபே நகரத்துல குண்டு போட்ட பிறகு அண்ணனும் குட்டித் தங்கச்சியும் பசியில அலையுற கதை. மிட்டாய் டப்பா காலியானதும் அண்ணன் அதுக்குள்ள தண்ணி ஊத்தி அலசி குடுக்குறான், பாப்பா அத ரசிச்சு குடிக்குது. தகாஹாத்தாவே ஒன்பது வயசுல ஒகயாமா குண்டுவீச்சுல தப்பிச்சவரு. அந்த வருஷம் முழுநீள அனிமேஷனுக்குன்னு ஆஸ்கர்ல பிரிவே கிடையாது, 2002 விழாவுலதான் முதல்முறையா குடுத்தாங்க. கார்ட்டூன்னா குழந்தைங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்த காலத்துல இந்தப் படத்த எந்த வரிசையில வைக்குறதுன்னே யாருக்கும் தெரியல.

பாக்கணும்னு நினைக்கிறவங்க 'பாத்ஸ் ஆஃப் குளோரி'லேந்து ஆரம்பிங்க, ஒன்றரை மணி நேரம்தான், கறுப்பு வெள்ளை. அனிமேஷன் படத்த கார்ட்டூன்னு நெனச்சு சின்னப் பிள்ளைங்கள தனியா உக்கார வெச்சுடாதீங்க, நீங்க கூட இருங்க. 'கம் அண்ட் சீ'ய ராத்திரி தூங்கப் போற நேரத்துல போடாதீங்க, மறுநாள் வேலை இல்லாத ஒரு பகல்ல பாருங்க, பாத்து முடிச்சதும் பேசுறதுக்கு பக்கத்துல யாராவது இருக்குற மாதிரி பாத்துக்குங்க. நன்றி, வணக்கம்.