வல்லான் வகுத்த வாய்க்கால்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கப் பெரியோர்களே, தமக்கு ஒதுக்கிய நேரத்தையும் எனக்கே விட்டுக்கொடுத்த பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் நின்றபடியே கேட்கிற தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

1930-களில் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலத்தில் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றிக் கூலி, சட்டம் என இரண்டாகப் பிரித்துப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வல்லான் வகுத்ததே வாய்க்கால். இரண்டுக்கும் இந்தப் பழமொழி பொருந்தும்.

1933, கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. பருத்தி எடுக்கும் கூலியைப் பருவம் தொடங்கும் முன்பே முதலாளிகள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். அந்த ஆண்டு 100 பவுண்டு எடைப் பருத்திக்கு 60 சென்ட் என்றார்கள். தொழிலாளர்கள் 1 டாலர் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகர்கள். அக்டோபரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போகவில்லை. பண்ணைக் குடிசைகளிலிருந்து அவர்களைத் துரத்தினார்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் ரோட்டுக்கு வந்தன.

போக்கிடம் இல்லாத குடும்பங்கள் கோர்கோரன் ஊருக்கு வெளியே கூடாரம் போட்டன. சில ஏக்கர் நிலத்தில் ஆயிரக்கணக்கான பேர். குழந்தைகளுக்குப் பாடம் நடந்தது, ராத்திரியில் சர்க்கஸ்கூட நடந்தது! கரோலின் டெக்கர் என்ற பெண் அங்கே மேடையேறிப் பேசினார். அப்போது அவருக்கு 21 வயதுதான். இங்கே வந்திருக்கும் இளம்பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்டோபர் 10, அதே பள்ளத்தாக்கின் பிக்ஸ்லி ஊர். வேலைநிறுத்தத்தை வழிநடத்திய சங்கத் தலைவர் பாட் சேம்பர்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளிகள் துப்பாக்கியோடு கார்களில் வந்து இறங்கினார்கள். தொழிலாளர்கள் கையில் ஆயுதமில்லை. கலைந்து சங்க அலுவலகத்துக்கு நடந்தார்கள். அப்போது ஒரு முதலாளி சுட்டார். ஒரு தொழிலாளி அந்தத் துப்பாக்கிக் குழலைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தினார். அவரை அடித்து வீழ்த்திச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே இறந்தவர்கள் இரண்டு பேர். அதே நாளில் ஆர்வின் என்ற ஊரில் இன்னொருவர். பிக்ஸ்லி வழக்கில் 8 முதலாளிகளும் விடுதலை! வல்லான் வகுத்ததே வாய்க்கால், தோழர்களே.

கடைசியில் அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னபடி 75 சென்ட் கிடைத்தது. இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1935-இல் அமெரிக்கா தேசியத் தொழிலுறவுச் சட்டம் கொண்டுவந்தது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்க உரிமை கிடைத்தது. பண்ணைத் தொழிலாளியைப் பெயர் சொல்லியே விலக்கினார்கள். கலிபோர்னியா மாநிலம் அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட 1975 ஆனது. நாடு முழுவதற்குமான அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. எந்த நாடாக இருந்தாலும் வயலில் உழைப்பவருக்குச் சங்க உரிமை சட்டத்தில் எழுத்தாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இயக்கத்தின் கோரிக்கை. வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.