வானத்துக் கடிகாரமும் தரையில் பாக்கி இருக்கும் வேலையும்

எல்லோருக்கும் வணக்கம். காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் மீனவ நண்பர்களுக்குத் தனி வணக்கம். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழி சொல்கின்றன என்கிறோம். உண்மையில் அவை அனுப்புவது நேரத்தைத்தான். சிக்னல் எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்து ரிசீவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தப்பாகிவிடும். கடல் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் 300 மீட்டர் என்றால் என்ன என்று ராமேஸ்வரத்துக்காரர்களைக் கேளுங்கள்.

2013 ஜூலையில் போன முதல் நாவிக் கோளில் இருந்தவை வெளிநாட்டில் வாங்கிய மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்கள், அதாவது நேரத்தை மிகத் துல்லியமாகக் காட்டுபவை. மூன்றுமே சில ஆண்டுகளில் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. அப்புறம் 2018 ஏப்ரலில் இன்னொன்று போனது. பழுதான கடிகாரத்தை மேலே போய் யாரும் சரிசெய்ய முடியாது. அதனால்தான், 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய புதிய வரிசை நாவிக் கோளான என்விஎஸ்-01இல் நாமே செய்த அணுக் கடிகாரம் போனதை ராக்கெட் வெற்றியை விடப் பெரிதாக நினைக்கிறேன். 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02, வால்வு திறக்காமல் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. அது பெரிய இழப்பு.

சரி, தரைக்கு வருவோம். பழைய நாவிக் கோள்கள் எல்5, எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் மட்டும் பேசின. சாதாரண செல்போன்களில் பெரும்பாலானவை எல்1 அலைவரிசையைத்தான் கேட்கும். கோள் தலைக்கு மேலேயே இருந்தும் கையிலிருக்கும் போனுக்குப் பயனில்லை. என்விஎஸ் வரிசையில் எல்1 சேர்த்ததற்கு இதுவே காரணம்.

வானில் மட்டும் புதுப்பித்தால் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. புதிய தலைமுறை ஜிபிஎஸ் கோள்கள் 2018 டிசம்பரிலிருந்தே போகத் தொடங்கின. அவற்றை முழுமையாக இயக்க வேண்டிய தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் பல ஆண்டுகள் பின்தங்கியது. நம் பக்கம், பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் இருக்கும் மையமும் நாடெங்கும் உள்ள தரை நிலையங்களும்தான் ஒவ்வொரு கோளின் பாதையையும் கடிகாரப் பிசகையும் கணக்கிட்டுத் திருத்தம் அனுப்புகின்றன. அந்த வேலைக்குப் பணமும் ஆளும் குறையவே கூடாது.

2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையை விட்டுத் தள்ளிப் போனால் செல்போன் டவர் கிடையாது. ஆனால் நாவிக் வழியே புயல் செய்தியை நேராகப் படகுக்கே அனுப்ப முடியும், அதற்கான கருவியும் இருக்கிறது. விசைப்படகு, ஃபைபர் படகு என்று பார்க்காமல் ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகிலும் அது இருக்க வேண்டும். பழுதானால் காசிமேட்டுத் துறைமுகத்திலேயே சரிசெய்ய ஆள் வேண்டும். உங்கள் சங்கங்கள் இந்த இரண்டையும் அரசிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மனு எழுத நானும் வந்து உட்காருகிறேன்.