‘ஸ்குவாண்டர்’ என்று எப்போது சொல்ல வேண்டும்?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். “போக்குவரத்து நெரிசலில் சிக்கி இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது என்று மேலாளருக்குத் தெரிவிக்க, ‘ஐ ஸ்குவாண்டர்டு டூ அவர்ஸ் இன் டிராஃபிக்’ என்று எழுதினேன். அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்று அவர் திருத்தினார். அகராதியில் வேஸ்ட், ஸ்குவாண்டர் இரண்டுக்கும் வீணடித்தல் என்றுதானே பொருள் இருக்கிறது?”

அகராதி சொல்வது தவறில்லை. ஆனால் வீணானது யாருடைய குற்றத்தால், எந்த விதத்தில் என்ற செய்தியையும் இந்தச் சொற்கள் சேர்த்தே சுமக்கின்றன. ஒற்றைச் சொல்லில் பொருள் தரும்போது அந்தச் செய்தி நழுவிவிடுகிறது. வேஸ்ட் என்பது பொதுச் சொல். இலையில் மிச்சம் வைத்த சோறு, மூடாத குழாயில் ஓடிய தண்ணீர், பலன் தராத உழைப்பு என எதற்கும் அது பொருந்தும். செய்தவர் மேல் பெரிய பழி எதையும் அது சுமத்த வேண்டியதில்லை. ஸ்குவாண்டர் அப்படியன்று. கையில் மதிப்புள்ள ஒன்று இருந்தது, அதைக் காப்பாற்றும் வழியும் இருந்தது, ஆனாலும் பொறுப்பில்லாமல் அதைத் தொலைத்தான் என்கிற கண்டனம் அதற்குள்ளேயே இருக்கிறது. நெரிசலில் சிக்கிய நீங்கள் அந்த இரண்டு மணி நேரத்தைப் பொறுப்பில்லாமல் தொலைக்கவில்லை. ஆகவே ‘ஐ வேஸ்டட் டூ அவர்ஸ்’ என்றோ, இன்னும் பொருத்தமாக ‘ஐ லாஸ்ட் டூ அவர்ஸ்’ என்றோ எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதிய வாக்கியம் உங்கள் மேல் நீங்களே குற்றம் சுமத்துவதுபோல் ஆகிவிட்டது.

இந்த வேறுபாட்டை மறக்காமல் இருக்க, விவிலியத்தில் லூக்கா 15ஆம் அதிகாரத்து இளைய மகனின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தையிடம் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போனவன் தன் சொத்தை என்ன செய்தான் என்பதை, 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு வேஸ்ட் என்ற சொல்லால் கூறுகிறது. இக்காலத்து நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன் அதே இடத்தில் ஸ்குவாண்டர் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினைக்குச் சிதறடித்தான் என்பதே நேர்ப்பொருள். ஸ்குவாண்டர் என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் சிதறுதல் என்ற பொருள் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வணிகன் அன்டோனியோவின் முதலீடுகள் கடல் கடந்து பல திசைகளில் சிதறிக் கிடப்பதை, வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஷைலாக் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறான். பணத்தை வாரி இறைத்தான் என்று நாம் சொல்லும்போதும் அதே காட்சிதான் கண்முன் வருகிறது. என்னைக் கேட்டால், ஸ்குவாண்டர் என்ற சொல்லுக்கு வீணடித்தல் என்பதைவிட வாரி இறைத்தல் நெருக்கமான தமிழ் என்பேன்.

அந்த மகனை ஆங்கிலத்தில் பிராடிகல் சன் என்பார்கள். கதையின் முடிவில் அவன் வீடு திரும்புவதால், பிராடிகல் என்றால் மனம் திருந்தி வந்தவன் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அச்சொல்லின் பொருள் கணக்கில்லாமல் செலவழிப்பவன் என்பதுதான். ஊதாரி மைந்தன் என்ற தமிழ் வழக்கு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

ஒரேயடியாக இல்லாமல் சிறுகச் சிறுகக் கரைந்து போவதற்கு ஃபிரிட்டர் அவே என்று பெயர். சம்பளம் வந்த நாளிலிருந்து தேநீர், நொறுக்குத் தீனி, தேவையில்லாத ஒரு சட்டை என்று போய், மாதக் கடைசியில் எங்கே போனதென்றே தெரியாமல் கை காலியாகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தே ஒரு மாலைப் பொழுது கழிந்துபோனாலும் இதையே சொல்லலாம். ஸ்ப்லர்ஜ் என்பதை இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குகிறேன். ஆசைப்பட்டு ஒரு நாள் கை தாராளமாகச் செலவிடுவது அது. வீண் என்ற தீர்ப்பு அதில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரயிலுக்குக் காத்திருக்கும்போது கதை படித்து இனிதாகப் பொழுதைப் போக்குவது வைல் அவே. அதிலும் குற்றம் இல்லை.

வாய்ப்புகளுக்கு வரும்போது இன்னும் கவனம் வேண்டும். மிஸ் என்றால் வாய்ப்பு தவறிப்போயிற்று என்று மட்டும் பொருள்; நேர்காணல் நாளில் காய்ச்சல் வந்ததாகக்கூட இருக்கலாம். பாஸ் அப் என்றால் தெரிந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். ஸ்குவாண்டர் என்றால் வாய்ப்பு கைக்கு வந்தபின் கெடுத்துக்கொண்டீர்கள். கால்பந்தாட்டத்தில் இரண்டு கோல் முன்னணியில் இருந்த அணி கடைசியில் தோற்றால், வர்ணனையாளர்கள் ஸ்குவாண்டர் என்று சொல்வது இதனால்தான். நண்பர்களிடம் பேசும்போது இதையே ப்ளோ என்று சொல்வதுண்டு. அலுவலகக் கடிதத்தில் அது வேண்டாம்.

இலக்கணத்திலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேடுவதில் இரண்டு மணி நேரம் வீணாயிற்று என்பதை நம்மில் பலர் ‘வேஸ்டட் டூ அவர்ஸ் டு சர்ச்’ என்று எழுதுகிறோம். அங்கே ‘சர்ச்சிங்’ என்றுதான் வர வேண்டும். பணத்தைச் சொல்லும்போது, எதில் வீணாயிற்றோ அந்தப் பொருளுக்கு முன்னால் ‘ஆன்’ வரும்.

அடுத்த கேள்வியில் இதே நேயர், ஸ்பெண்ட்திரிஃப்ட் என்றால் சிக்கனக்காரர்தானே என்றும் கேட்டிருக்கிறார். இல்லை, நேர் எதிர்ப்பொருள். திரிஃப்ட் என்பது இன்று சிக்கனத்தைக் குறித்தாலும், முன்பு ஒருவர் தேடிச் சேர்த்த செல்வத்தையும் அது குறித்தது. அப்படிச் சேர்த்ததைச் செலவழித்துத் தீர்ப்பவரே ஸ்பெண்ட்திரிஃப்ட்.