தெம்பு எங்கிருந்து வருகிறது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் மாலை வணக்கம். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்திருப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்கள், எல்லாருக்கும் நன்றி.

'மாறும் காலத்தில் நம்மை வளர்த்துக்கொள்வது' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தலைப்பில் மேடையேறுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. எல்லாச் சக்தியும் உனக்குள்ளேயே இருக்கிறது, அதை நீ எழுப்பு, அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விழுந்து கிடப்பவரிடம் போய் அப்படிச் சொன்னால், எழுந்திருக்க முடியாததும் அவர் குற்றம்தான் என்று ஆகிவிடுகிறது. இந்த மாவட்டத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்து நான் கண்டது வேறு. மனுஷருக்குத் தெம்பு பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிறவரிடமிருந்துதான் வருகிறது. அதுவும், அடி விழுவதற்கு முன்பே அந்தப் பழக்கவழக்கம் இருந்தால்தான் வருகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கடலூர்க்காரர்களுக்கு அடியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு என்று கரையோரம் முழுக்க வாரிக்கொண்டு போனது. மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இழந்தோம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் 'தானே' புயல். 2015-ல் வெள்ளம். 2020-ல் நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியதில், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்பாடா, மழை விட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது.

இதில் தானேவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புயல் அடித்து ஒரு வாரம் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வழி நெடுக முந்திரித் தோப்புகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. பலா மரத்தை அறுத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் முழுக்க அந்த மஞ்சள் கட்டைகள்தான், காற்றிலெல்லாம் பால் வாசனை. அந்தப் பெண்ணின் அப்பா ஒவ்வொரு மரமாகப் போய், அடியில் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து வேராவது மண்ணைப் பிடித்திருந்தால் தலையைக் கழித்துவிட்டு முட்டுக்கொடுத்து நிறுத்தலாம் என்று கணக்கு. "பாட்டி வெச்ச மரம் டீச்சரம்மா" என்று ஒரு மரத்தைக் காட்டினார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

முந்திரி ஒட்டுக்கன்று வைத்தால் மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும், நல்ல மகசூலுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். விதை போட்டு வளர்க்கிற பலாவுக்கு ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை கடன், பிள்ளைகள் ஃபீஸ், வீட்டுச் செலவு எல்லாம் எதிலிருந்து வரும்?

முதல் சில வாரம் ஊரே திருவிழா மாதிரி ஆளும் பேருமாக இருந்தது. வெளி மாவட்டத்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அவர்களை நாம் என்றைக்கும் மறக்கக்கூடாது. அரிசி வந்தது, பாய் வந்தது, கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் எல்லாரும் போய்விட்டார்கள். மாசி, பங்குனியில்தான் அந்தக் குடும்பங்கள் உண்மையிலேயே உடைந்தன. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை.

நான் விலங்கியல் வாத்தியார். அதனால் இதை உடம்பின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆபத்து வந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. அட்ரினலின் இதயத்தை வேகமாக்கும். கார்டிசோல் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிக்கொடுக்கும். செரிமானம் மாதிரி அவசரமில்லாத வேலைகள் பின்னுக்குப் போகும். வெள்ளத்தில் ஒரு மெலிந்த அம்மா இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது இப்படித்தான். ஆனால் இது கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடு. ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர் 1936-லேயே இதை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார். முதலில் பதற்றம், அடுத்து தாக்குப்பிடித்தல், நெருக்கடி ஓயாமல் நீண்டால் கடைசியில் சோர்ந்து விழுதல். மாசக்கணக்கில் கார்டிசோல் இறங்காமல் இருந்தால் தூக்கம் கெடும், ஞாபகம் குறையும், நோய் எதிர்ப்பு தளரும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஆகவே மூன்றாம் மாசம் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவருக்கு மனோதிடம் இல்லை என்று சொல்லாதீர்கள். உடம்பு தன்னால் முடிந்ததைச் செய்து முடித்துவிட்டது என்று அர்த்தம்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதுவேதான். ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினால் போதும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்பாதீர்கள். பகலில் படித்ததை மூளை உறுதியாகப் பதித்து வைப்பது தூக்கத்தில்தான். தூங்குங்கள். தயவுசெய்து தூங்குங்கள்.

சரி, அந்தப் பண்ருட்டிக்காரர் எப்படி எழுந்தார்? அவர் தெருவில் நாலு குடும்பத்துக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. உன் நிலத்துக்கு நான் வருகிறேன், என் நிலத்துக்கு நீ வா என்று ஆள் மாற்றிக்கொள்வார்கள். கரண்ட் திரும்பி மோட்டார் ஓடியதும், அந்த நாலு குடும்பமும் சேர்ந்து விழுந்த மரங்களுக்கு நடுவே இருந்த இடத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார்கள். இவர் முதலில் போகவில்லையாம். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். "வா" என்றுகூடச் சொல்லவில்லை, சும்மா நின்றார், அதனால் கிளம்பினேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் காவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவினரோடு நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, ஓயாத சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளானார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, அக்கறையோடு கூட நின்ற ஒரு பெரிய ஆள். பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம். எனக்கு இன்னும் பிடித்த செய்தி ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. பதினெட்டு வயதில் தடம் மாறிப் போயிருந்தவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். பிள்ளையைப் பற்றிக் கவலையோடு இங்கே வந்திருக்கும் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஒற்றுமை என்று சொல்லிவிட்டு, ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரை கிராமங்களை ஆராய்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்து கட்டுக்கோப்பாக இருந்து, வெளியே அதிகாரிகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பு வைத்திருந்த இடங்களுக்கு உதவி நன்றாக வந்து சேர்ந்தது. அதே கட்டுக்கோப்பு தலித்துகளையும் ஆண் துணை இல்லாத பெண்களையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதும் நடந்தது. தெருவில் யாரை நாம் 'நம்ம ஆள்' என்று எண்ணுகிறோம் என்பதை வெள்ளம் வருவதற்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். படகு வந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.

புயல் மட்டுமா, வேலையும்தான் மாறுகிறது. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். லோயர், ஹையர் என்று எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடவேண்டியதாயிற்று. அவரிடம் முன்னால் படித்த ஒரு பையன் சாயங்காலம்தோறும் வந்து, எலிக்குட்டி மாதிரி இருக்கிற அந்த மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஐம்பது வயதுக்காரர், கை நடுங்கியதாம். இப்போது தட்டச்சும் நடக்கிறது, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக்கொடுக்கிறார். "மெஷின்தான்கா மாறுது, உள்ளே வர்ற புள்ளைங்களோட பயம் மாறலை. அதைப் போக்குறதுதான் என் வேலை" என்றார். வளர்ச்சி என்றால் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வடலூர் நமக்குப் பக்கம்தான். 1867 மே மாசம் வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அந்த அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. 1874-க்குப் பிறகு அவர் நம்மிடையே இல்லை. ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது அணையவில்லை என்றால், ஒவ்வொரு நாளும் பேர் தெரியாத யாரோ ஒருவர் விறகு தள்ளியிருக்கிறார், யாரோ ஒருவர் அரிசி கொண்டுவந்து போட்டிருக்கிறார். பஞ்சம் இல்லாத நாளிலும் செய்திருக்கிறார்கள். அந்த நாட்களை நினைத்துத்தான் நான் அதிகம் வியக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், மாத்திரை நிற்கக்கூடாதவர்கள் யார், எந்த வீட்டு மொட்டை மாடி உயரம், எல்லாரையும் ஏற விடுவார்களா, இவற்றை எழுதிவிட்டுப் போங்கள். வாடகைக்கு வந்தவர்களையும் வெளி மாநிலத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். மனசு தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் 14416-க்கு அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு நகராமல், அவர் பேசி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். நோட்டில் எழுதியவர்களைத் தெருவாரியாக அழைத்து, மழைக்கு முன் ஒருமுறை உட்கார வைப்பது என் பொறுப்பு. நன்றி, வணக்கம்.